பார்வதம் ஆக்காத பருப்பு

அண்ணனூர்
5-6-2025

கோபத்தில் இருக்கும் என் பார்வதத்துக்கு, துணி துவைக்கத் தெரியாத உன் வீட்டுக்காரன் எழுதிக்கொண்டது.

நான் சுகம். வீடுதான் சுகமில்லை. நீ மாங்காட்டுக்கு உன் அக்கா வீட்டுக்குப் போய் இன்றோடு பதினொரு நாள். நான் போன் போட்டால் நீ எடுப்பதில்லை. நீ ஒரே ஒரு தடவை போட்டாய், நான் எடுப்பதற்குள் வைத்துவிட்டாய். வேறு வழியில்லாமல் பேனா எடுத்திருக்கிறேன். நாலாங்கிளாசோடு நின்றவன் எழுத்து, கோணலாகத்தான் இருக்கும். ஓடுகிற ரயிலில் உட்கார்ந்து எழுதினான் என்று நினைத்துக்கொள். சகலை திருவேங்கடம் ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டு இந்தப் பக்கம் வருவதால் அவர் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன்.

ஒரு பாட்டுக்கா இவ்வளவு கோபம்? ஷெட்டில் ரயில் பெட்டி கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். பருப்பில் கல் கடிபட்டது. பாடினேன்.

பார்வதம் ஆக்காத பருப்பு இல்ல
அந்தப் பருப்புல சிக்காத கல்லு இல்ல

அவ்வளவுதான். கூட வேலை செய்கிற வினோத் அதைப் போனில் பிடித்து ஊருக்கே விட்டான். நான் என்ன செய்ய? நாற்பது லட்சம் பேர் பார்த்தாச்சாம். ஒரு சேனல்காரன் ஓட்டு வைத்து, இந்த வருசத்து நம்பர் ஒன் கானா இதுதான் என்று அறிவித்துவிட்டான். "இன்னா அண்ணாத்தே, எத்த வெச்சு இந்தப் பாட்டு இப்டி ஓடுது?" என்று மைக்கை நீட்டினான். "கல்லு என் சம்சாரம் போட்டது நைனா, அதான் வெயிட்டா கீது" என்றேன். சிரிப்பு அடங்க அஞ்சு நிமிஷம் ஆச்சு.

ஆவடி குவார்ட்டர்ஸ்காரர்கள் இருபத்திரண்டாம் தேதி ஞாயிறு ஆண்டுவிழாவில் பாடக் கூப்பிட்டிருக்கிறார்கள். நிஜப் பார்வதமும் மேடையில் வந்து நிற்க வேண்டுமாம். பச்சைப் பட்டு பீரோவில்தான் இருக்கிறது. வந்துவிடு.

கல் கடித்தும் பல் விழாத,
துலுக்கானம்


மாங்காடு
8-6-2025

துலுக்கானம் அவர்களுக்கு, பார்வதம் எழுதுவது.

ஒரு தடவை போன் போட்டேனே, ஏன் வைத்தேன் என்று யோசித்தாயா? தொட்டி நிரம்பினால் மோட்டாரை நிறுத்தச் சொல்லத்தான் போட்டேன். மணி அடிப்பதற்குப் பதில் அந்தப் பாட்டை வைத்திருக்கிறாய். புருஷனைக் கூப்பிட்டால் பொண்டாட்டி மானம் பாடுகிறது. இனிமேல் உனக்கு நான் போன் போடுவேனா?

இங்கே மட்டும் நிம்மதியா? ரேஷன் கடையில் கார்டைப் பார்த்துவிட்டு, "யக்கா, பார்வதம்னா நீதானா? பருப்ப நல்லா பாத்து வாங்கினு போ" என்கிறான். ஆட்டோவில் அந்தப் பாட்டு. பக்கத்து வீட்டுப் பிள்ளை பல் தேய்த்துக்கொண்டே அந்தப் பாட்டு. காமாட்சியம்மன் கோயிலில் அர்ச்சனைக்குப் பேர் கேட்டார்கள். பின்னால் வரிசையில் ஒருத்தி முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அக்கா பேரைச் சொல்லிவிட்டு வந்தேன். அம்மனிடமே என் பேரைச் சொல்ல முடியாமல் பண்ணிவிட்டாய்.

ஆனால் நான் கல்லுக்காகக் கோவித்துக்கொண்டு வந்தேன் என்று நினைக்கிறாய் பார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இருபத்தெட்டு வருசத்தில் நீ என்னைக் கிண்டல் பண்ணாத நாள் எது? அதுக்கெல்லாம் பெட்டி கட்டினால் நான் எப்போதோ மாங்காட்டுக்காரி ஆகியிருப்பேன். வார்த்தையை விடு. அந்த மெட்டு உனக்கு எங்கிருந்து வந்தது? அதை யோசி. யோசித்துவிட்டு எழுது.

மேடைக்கு நான் வரமாட்டேன்.

பார்வதம்


அண்ணனூர்
12-6-2025

மாமா என்று எழுதுகிற கையால் முதல் தடவை என் பேரை எழுதிய மகராசிக்கு, அந்த அவர்கள் எழுதுவது.

திருவேங்கடத்திடம் காட்டினேன். "அவர்களுக்குன்னு போட்டுக்கீதா? அப்ப ஊட்டுக்கு வர்ற மாரி தெரியல சகல" என்றார்.

மூணு நாள் யோசித்தேன். மெட்டு எங்கிருந்து வரும்? வாயிலிருந்து வந்தது. குழாயைப் பிடித்துப் பெட்டி கழுவினால் தண்ணீர் தகரத்தில் அடிக்கும், அந்தத் தாளத்தில் வந்திருக்கும். மெட்டு என்ன உன் அக்கா வீட்டு மிக்சியா, இரவல் வாங்கித் திருப்பித் தராமல் இருக்க? யாராவது சினிமாக்காரன் பாட்டு என்று எவனாவது சொன்னானா? சத்தியமாகச் சொல்கிறேன், என் சொந்த மெட்டு.

பார்வதம், எனக்கும் கோபம் வரும். முப்பது வருசமாகச் சாவு வீட்டில்தான் என்னைப் பாடக் கூப்பிட்டார்கள். மாலை போட்டு ஒருத்தரும் கூப்பிட்டதில்லை. இப்போது ஊரே கொண்டாடுகிறது, வீட்டில் கொண்டாட ஆள் இல்லை. விடுகதை போடாமல் சொல்லித் தொலை.

விடை தெரியாத,
துலுக்கானம்


மாங்காடு
15-6-2025

துலுக்கானம் அவர்களுக்கு,

சொல்கிறேன். நீ முன்னால் கட்டின பாட்டு, முதல் இரண்டு வரி இது.

கோவிந்தன் தூக்காத மூட்ட இல்ல
இன்னிக்கி கோவிந்தனத் தூக்காத தோளு இல்ல

இப்போது ஞாபகம் வருகிறதா? ஆறு வருசம் முன்னால், இதே தெருவில், எங்கப்பாவுக்கு நீ பாடினது. அம்பத்தூர் எஸ்டேட்டில் நாற்பது வருசம் மூட்டை தூக்கினவர். அவர் கூட லோடு அடித்தவர்கள்தான் தோள் மாற்றித் தோள் மாற்றித் தூக்கிப்போனார்கள். நீ முன்னால் பாடிக்கொண்டே போனாய். பொம்பளைகள் தெருமுனையோடு நின்றுவிட்டோம். அப்பா கண்ணுக்கு மறைந்த பிறகும் உன் குரல் கேட்டது. அது கேட்கிற வரைக்கும் அவர் இன்னும் போகவில்லை என்று நின்றுகொண்டிருந்தேன்.

அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது அக்கா அதை மறுபடி பாடச் சொன்னாள். நீ என்ன சொன்னாய்? "செத்தவங்களுக்குக் கட்டின பாட்ட சுடுகாட்டோட வுட்டுட்டு வரணும். ஊட்டுக்கு எடுத்துனு வரக்கூடாது." உன் வாயால் சொன்னது. எத்தனை சாவுக்குப் பாடியிருக்கிறாய், ஒரு மெட்டையும் மறுபடி தொட்டதில்லை. தொட்டது எங்கப்பாவுடையதை. தொட்டதுகூட உனக்குத் தெரியவில்லை.

கல்யாண மண்டபத்தில் அதற்கு ஆடுகிறார்கள். என்னால் யாரிடமும் சொல்ல முடியவில்லை. சொன்னால் அதையும் பாட்டாக்கிவிடுவார்கள்.

பார்வதம்


அண்ணனூர்
24-6-2025

பார்வதத்துக்கு,

உன் கடுதாசியைப் படித்துவிட்டு வாய்க்குள் உன் இரண்டு வரியையும் என் இரண்டு வரியையும் மாற்றி மாற்றிப் பாடிப் பார்த்தேன். ஒரு இழை பிசகவில்லை. திருவேங்கடம் ஆட்டோவில் ஆள் ஏற்றிக்கொண்டு ஹாரன் அடித்தார். பதில் எழுத வரவில்லை, அவரை வெறுங்கையோடு அனுப்பிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆவடி விழாவுக்குப் போனேன். நோட்டீஸ் அடித்துவிட்டார்கள், போகாமல் இருக்க முடியவில்லை. வேறு நாலு பாட்டு பாடினேன். யாருக்கும் காது இல்லை. பார்வதம், பார்வதம் என்று ஒரே சத்தம். மைக்கைப் பிடித்தேன். மாமனார் முகம் வந்தது. வாய் திறக்கவில்லை. பக்கத்தில் வினோத், "இன்னா மாமே, பாடாம நிக்கிற?" என்கிறான். அதற்குள் கூட்டமே எடுத்துவிட்டது. முதல் வரியிலிருந்து கடைசி வரைக்கும் அவர்களே பாடினார்கள். பல் முளைக்காத குழந்தை ஒன்று தாளம் தப்பாமல் தலையாட்டியது. நான் மைக்கைப் பிடித்த கம்பி மாதிரி நின்றிருந்தேன். முடித்துவிட்டு எனக்கே கை தட்டினார்கள்.

சேனல்காரன் கேட்டானே, எதை வைத்து ஓடுகிறது என்று. இப்போது தெரிகிறது. கல்லை வைத்து இல்லை. உங்கப்பாவைத் தூக்கிக்கொண்டு நடந்தவர்களின் நடை அந்த மெட்டில் இருக்கிறது. அதுதான் ஊர்க்காரர்கள் காலில் ஏறிக்கொண்டது. நான் அதற்கு மாலை வாங்கிக்கொண்டேன்.

போனிலிருந்து பாட்டை எடுத்தாச்சு. என் வாயிலிருந்தும் எடுத்தாச்சு. ஊர் வாயிலிருந்து எப்படி எடுப்பது என்று தெரியவில்லை. வா என்று எழுத முகமில்லை.

மோட்டாரை ஒழுங்காக நிறுத்துகிறேன்.

துலுக்கானம்


மாங்காடு
2-7-2025

மாமாவுக்கு, பார்வதம் எழுதுவது.

இரண்டு நாள் முன்னால் பின் தெருவில் ஒரு பெரியவர் தவறிவிட்டார். பேண்டு செட்டு வந்தது. எடுக்கும்போது என்ன வாசித்தார்கள் என்று நினைக்கிறாய்? நம்பர் ஒன் பாட்டு. எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. இதையுமா விட்டு வைக்கவில்லை என்று கதவைச் சாத்தப் போனேன்.

சாத்தவில்லை. பேண்டில் வார்த்தை கிடையாதே. கல்லும் இல்லை, பருப்பும் இல்லை. மெட்டு மட்டும்தான். நாலு பேர் அதற்குக் கால் எடுத்து வைத்து நடந்தார்கள். முதலில் சிரித்த பசங்கள் ஓரமாக ஒதுங்கி வழி விட்டார்கள். நான் தெருமுனைக்குப் போய், அது கேட்கிற வரைக்கும் நின்றேன். அக்கா வந்து பக்கத்தில் நின்றாள். "அப்பா பாட்டுடி இது" என்றாள். அவளுக்கும் இத்தனை நாளாகத் தெரிந்துதான் இருக்கிறது. என்னிடம் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

எடுத்துவரக்கூடாத பாட்டு, தானாகவே சுடுகாட்டுக்குத் திரும்பிப் போய்விட்டது. ஊர் வாயிலிருந்து நீ எடுக்க வேண்டாம், விடு. நீ பாடாமல் இருந்தால் போதும்.

நேற்று உனக்குப் போன் போட்டேன். வெறும் மணி. நிற்கிற வரைக்கும் கேட்டேன். பெட்டி கழுவிக்கொண்டிருந்திருப்பாய்.

இன்று காலை கோயிலில் அர்ச்சனைக்கு என் பேரையே சொன்னேன். பின்னால் ஒருத்தி ஆரம்பித்தாள். திரும்பி, "யம்மா, ரெண்டாவது வரி இஸ்த்து பாடணும், அவசரப்படாத" என்றேன்.

ஞாயிறு காலை திருவேங்கடத்தோடு வருகிறேன். பருப்பை நீயே கல் பார்த்து வை.

பார்வதம்