நீ எழுதிய மலைச்சரிவு

இன்று காலை கொட்டகலைக்குப் புறப்படும் முன், அட்டை ஏறாமலிருக்கக் காலுறையில் சவர்க்காரம் தேய்த்தேன். ஈரத்துணியிலிருந்து அந்த வாசனை எழுந்ததும் கை தானாக நின்றுவிட்டது. நம்முடைய கள ஆய்வு நாட்கள் எல்லாம் அந்த வாசனையோடுதான் தொடங்கும். உன் காலுறைக்கும் நானேதான் தேய்ப்பேன். நீ அதைக்கூட "அங்க போய்ப் பாத்துக்கலாம்டி" என்று தள்ளிப்போடுகிறவள்.

உன்னைப் போலத் தள்ளிப்போட ஒருவருக்கும் வராது. புவிச்சரிதவியல் இறுதியாண்டுக் கட்டுரையை எழுத உட்கார்ந்தால் முதலில் விடுதி அறையைக் கூட்டுவாய். அப்புறம் உடுப்புத் துவைப்பாய். பொறுக்கி வந்த கற்களை மேசையில் வரிசையாக அடுக்கி, கலைத்து, மறுபடி அடுக்குவாய். விரிவுரையாளர் கேட்டால், "முன்னுரை மட்டுந்தான் பாக்கி சேர்" என்பாய். தலைப்பைத் தவிர எல்லாமே பாக்கி என்பது எனக்கு மட்டும் தெரியும்.

ஆனால் மலையேறிவிட்டால் நீ வேறு ஆள். ஹட்டன் கடைவீதியில் வளர்ந்த நான் தேயிலைச் செடிகளுக்கிடையே வழுக்கி வழுக்கி விழுவேன். நீ சுத்தியலோடு எங்கோ மேலே நிற்பாய். நீ ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது கொட்டகலையில் நீ பிறந்த தோட்டத்தையே, தொழிலாளர் வரிசை வீடுகளான உங்கள் லயத்துக்கு மேலே இருந்த சரிவை. கொழுந்தெடுக்கும் பெண்களுக்கு ஒரே சிரிப்பு.

"கம்பஸுக்குப் படிக்க அனுப்புனா இது கல்லு ஒடைச்சிக்கிட்டுத் திரியுதே!"

"ஒடைக்கத்தாங்க்கா படிக்கிறேன்" என்று நீயும் சிரித்தாய்.

சரிவின் உச்சியில்தான் அந்த வெடிப்பு இருந்தது. அதன் இருபுறமும் நாம் அறைந்து வைத்திருந்த குச்சிகள், அடுத்த முறை போனபோது விலகியிருந்தன. நீ அளந்தாய். நம்பாமல் மறுபடி அளந்தாய். நேர் கீழே உங்கள் வீட்டுக் கூரையிலிருந்து அடுப்புப் புகை வந்துகொண்டிருந்தது.

அதற்குப் பிறகு நீ ஒரு வரிகூட எழுதவில்லை. கட்டுரை கொடுக்கும் நாள் நெருங்க, நான் கோபத்தில் உன்னைச் சோம்பேறி என்று திட்டிவிட்டேன்.

"சோம்பேறித்தனம் இல்லடி" என்றாய். "எழுதிட்டா அது நெசமாயிரும். எங்கம்மா தூங்குற எடத்துக்கு மேல மலை பொளந்திருக்குன்னு நானே எப்புடிடி எழுதுவேன்?"



கடைசி அளவெடுக்கப் போன அன்று மழை பிடித்துக்கொண்டது. உங்கள் வீட்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். "அந்தக் குச்சியெல்லாம் எதுக்கு புள்ள நட்டு வச்சிருக்க?" என்று உன் அம்மா கேட்டார். நீ தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாய். பிறகு மெதுவாகத் தொடங்கினாய். மழைத்தண்ணீர் வெடிப்பு வழியாக எப்படி இறங்குகிறது, பாறைக்கும் மண்ணுக்கும் நடுவே எப்படித் தேங்குகிறது, ஒருநாள் அந்த மண் ஏன் தாங்காமல் போகும்... பக்கத்து வீட்டுக்காரர்களும் வாசலில் வந்து நின்றுவிட்டார்கள்.

"இத யாருகிட்ட சொல்லணும்?" என்றார் அம்மா.

"எழுதிக் குடுக்கணும்மா."

"அப்ப எழுதேன். ஏன் சும்மா இருக்க?"

அந்த வாரமே எழுதி முடித்தாய். அறையைக் கூட்டவில்லை, உடுப்புத் துவைக்கவில்லை. குப்பைக்கு நடுவில் சப்பணமிட்டு உட்கார்ந்து எழுதினாய். கட்டுரையை வாசித்த நாளில் ஒருவர், இந்த இடத்தை எதற்காகத் தெரிவு செய்தீர்கள் என்று கேட்டார். "என் வீடு அங்கேதான் இருக்கிறது" என்று ஆங்கிலத்தில் சொன்னாய். குரல் நடுங்கவில்லை. மண்டபத்தில் முதலில் கைதட்டியது நான்தான். உனக்கு அது தெரிந்திருக்காது.

அதன் பிறகு அந்தக் கட்டுரையைத் தூக்கிக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக அலைந்தாய். எல்லோரும் அடுத்த மாதம் வரச் சொன்னார்கள். "என்னையவிடத் தள்ளிப்போடுறவங்க இருக்காங்கடி!" என்று சிரித்தாயே தவிர, அலைவதை நிறுத்தவில்லை. கடைசியில் லயத்துக்காரர்களுக்கு வேறோர் இடத்தில் வீடுகள் எழும்பின. உன் அம்மாவின் வீட்டுக்கு நிலை வைத்த அன்று நீ இருந்தாய். குடிபோகும்போது இல்லை. காய்ச்சலென்று ஆஸ்பத்திரிக்குப் போனவள், திரும்பி வரவேயில்லை.

போன மழைக்காலத்தில் அந்தச் சரிவு இறங்கியது. லயம் முழுக்க மண்ணுக்குள் போய்விட்டது. உள்ளே ஒரு கோழிக்குஞ்சுகூட இல்லை.

அந்த மண்ணை அளக்கத்தான் இன்று நான் வேலை செய்யும் ஆய்வுக் குழுவோடு போனேன். நாங்கள் வருவதைக் கேள்விப்பட்டு உன் அம்மாவும் வந்திருந்தார். இந்த இடம் சரியும் என்று முதலில் சொன்னது யார் என்று கூட வந்த அதிகாரி சிங்களத்தில் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டார்.

"மகே துவ, மாத்தயா."

அவருக்குச் சிங்களத்தில் சொன்னது போதவில்லை போலும். என் பக்கம் திரும்பி, எனக்குத் தெரியாத செய்தியைச் சொல்வதுபோல, "எம் மகதான் புள்ள" என்றார். கண் கலங்கவில்லை, தலை நிமிர்ந்திருந்தது. அந்தக் குரலைத்தான் சுமந்துகொண்டு மலையிறங்கி வந்திருக்கிறேன்.