ஐந்து சென்டிமீட்டர் தண்ணீர்

ஓசூர்
11-9-2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

கழனிக் காற்றைப் பிடித்து அனுப்பக் காலிப் புட்டிகளைப் பெட்டியில் வைத்துச் சூளகிரி பஸ்ஸில் அனுப்பியிருக்கிறேன். கழனியில் உனக்கு போன் எடுக்காது, வீட்டில் நீ எடுக்கமாட்டாய். அதனால் பெட்டிக்குள்ளேயே கடிதம். காவேரி அண்ணிக்கு முதுகுவலி தேவலையா?

ஒரு வருத்தம். எங்கள் கம்பெனி எருவை ஆய்வுக்காகப் போட்ட உன் கழனியில் மீத்தேன் வாயு ஏகத்துக்கும் வருகிறது. சரியாக மட்காத எரு, தேங்கிய தண்ணீரில் காற்றில்லாமல் அழுகினால் அப்படித்தான். அம்மோனியம் சல்பேட் போட்ட பக்கத்துக் கழனியில் பாதிகூட இல்லை. 'வாயு குறைவான எரு' என்று மூட்டையில் அச்சடிக்கக் காத்திருந்த மேலாளர் ஜெகதீஷ் சாரின் முகம் சுருங்கிவிட்டது. இப்படியே போனால் ஆய்வை மூடிவிடுவாராம். என் வேலையும் போகும். ரேவதியின் அப்பா விட்டுப்போன பிறகு எங்கள் இருவருக்கும் சோறு போடுவது இதுதான்.

தண்ணீரை மட்டும் வடித்துவிடாதே. காய்ந்தால் வாயு குறைந்துவிடும், ஆய்வே தப்பாகும். இரண்டு கழனியிலும் எப்போதும் ஐந்து சென்டிமீட்டர்.

உன் தங்கை
மாதேஸ்வரி

16-9-2024

பாப்பாவுக்கு அண்ணன் எழுதுவது.

அண்ணி நடமாடுகிறாள், என்னைத் திட்டுகிறாள். ஆக நலம்தான். நான் நெல்மேல் ஆய்வுப் பெட்டியைக் கவிழ்த்து, ஊசியால் காற்றை இழுத்துப் புட்டியில் அடைப்பதைப் பார்த்து, "முனிராஜு நெல்லுக்கு ஊசி போடறான்டா" என்று ஊரே சிரிக்கிறது.

வேலை போய்விடும் என்று அழுதுகொண்டிருக்காதே. நான் ஒருத்தன் இருக்கிறேன் அல்லவா? இனி எண் எப்படி வருகிறது பார். தண்ணீர் ஐந்து சென்டிமீட்டர், குறிப்பேட்டில் எழுதிவிட்டேன்.

முனிராஜ்

ஓசூர்
30-10-2024

அன்புள்ள அண்ணா,

ஆறு வாரமாக எருக்கழனியில் வாயு மளமளவென்று இறங்கிவிட்டது. உன் கைராசி என்கிறார் சார். மூட்டை அச்சாகிவிட்டது. விளம்பரத்தில் உன் படம், மீசையோடு. என்னை நிரந்தரம் செய்யப்போகிறார்கள். ரேவதி தன் மாமனின் படத்தைப் பள்ளிக்கூடத்துக்கே எடுத்துப்போனாள்.

மாதேஸ்வரி

9-2-2025

பாப்பா,

இதை உன் ஆபீசில் காட்டுவதற்காகவே எழுதுகிறேன்.

என் படத்தை நம்பி நம் ஊர் மாதேஷும் இன்னும் பன்னிரண்டு பேரும் அந்த எருவைப் போட்டார்கள். வாயு குறைந்தால் நெல்லுக்குக் கூடுதலாகத் தனி விலை என்று உங்கள் கம்பெனியில் சொல்லியிருந்தார்கள். போன வாரம் விவசாயக் கல்லூரிக்காரர்கள் வந்து அளந்தார்கள். எல்லாக் கழனியிலும் வாயு எக்கச்சக்கம். தனி விலை கிடையாதாம். உன்னிடம் விளக்கம் கேட்டிருப்பதாகவும் கேள்விப்பட்டேன்.

தப்பு என்னுடையது. வெள்ளிதோறும் எருக்கழனியின் மடையைத் திறந்து வடித்தேன். திங்கள் காலை புட்டியை நிரப்பிய பிறகுதான் தண்ணீர் கட்டினேன். உன் வேலை நிலைக்கட்டும் என்று செய்தேன். என் தங்கைக்கு இது தெரியாது.

முனிராஜ்

ஓசூர்
24-2-2025

அண்ணா,

உன் கடிதத்தைக் கொடுத்துவிட்டேன். விவசாயி ஏமாற்றிவிட்டார் என்று அறிக்கை எழுதி என் கையெழுத்தையும் வாங்கிக்கொண்டார்கள். என் வேலை நிலைத்துவிட்டது.

உன்னிடமாவது சொல்லிவிடுகிறேன். ஆயுத பூஜைக்கு வந்திருந்தபோது, ஞாயிறு காலை தனியாகக் கழனிக்குப் போனேன். சேறு இறுகிக் கிடந்தது, கால் புதையவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. அன்று குறிப்பேட்டில் ஐந்து என்று எழுதியது நான்தான். இதை ஆபீசில் சொல்லவில்லை. சொல்லத் தைரியமில்லை அண்ணா. என்னை மன்னித்துவிடு.

மாதேஸ்வரி

5-3-2025

மாதேஸ்வரிக்கு,

கடிதத்தைக் கொடுத்ததில் எனக்குக் குறையில்லை. கொடுக்கத்தான் எழுதினேன். ஊரில் யாரும் என்னோடு பேசுவதில்லை. மாதேஷ் என்னைப் பார்த்தால் கீழே துப்புகிறான். அதையும் தாங்கிக்கொள்வேன்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துச் சிரித்துச் சாப்பிட்டாய். "என்னாண்ணா, தண்ணி இல்லையே" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றைக்கே மடையை அடைத்திருப்பேன். அப்போது மூட்டைகூட அச்சாகவில்லை. இந்தப் பதின்மூன்று குடும்பமும் தப்பித்திருக்கும். படிக்காதவன் செய்தது உனக்குத் தப்பென்று தெரியும். தெரிந்தும் என்னை விட்டுவிட்டாய். என்னால் அதை மறக்க முடியவில்லை.

காவேரியிடம் எதுவும் சொல்லவில்லை. அவளுக்கு உன்மேல் பிரியம் அப்படியே இருக்கட்டும்.

பரீட்சை முடிந்ததும் ரேவதியை அனுப்பு. மாமன் வீடு அவளுக்கு எப்போதும் உண்டு. சூளகிரி பஸ் ஸ்டாண்டுக்கு நானே வந்து கூட்டிக்கொள்கிறேன். தனியாக அனுப்பப் பயந்து நீயும் கூட வந்தால், பஸ்ஸை விட்டு இறங்காதே.

முனிராஜ்