பாலத்தைக் கடந்து வருகிறவர்களுக்கு

கெரிமாகி
18 நவம்பர் 2018

அன்புள்ள ரெய்யா,

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? பேருந்து ஓட்டுகிறவளுக்கு முழங்கால் என்பது வாத்தியாருக்குத் தொண்டை மாதிரி. அலட்சியம் செய்யாதே.

இங்கே ஏரி இன்னும் உறையவில்லை. கரையோரம் மட்டும் மெல்லிய கண்ணாடிப் படலம். காலையில் நிஜமான மூடுபனி தண்ணீரிலிருந்து ஏறி வந்து எங்கள் படகுத்துறையை மூடிக்கொள்கிறது. ஈவா சமையலறை ஜன்னலில் நின்று, "ஒஸ்மோ, உன் சொந்தக்காரங்க வந்திருக்காங்க பாரு, உள்ள கூப்பிட்டுக் காபி குடு" என்கிறாள். இருபது வருஷத்துக்கு மேலாக மூடுபனித் தெய்வமாக வேஷம் கட்டுகிறவனின் மனைவிக்கு இந்தக் கேலிக்குக்கூட உரிமை இல்லையென்றால் எப்படி?

போன வாரம் என்னோடு வேலை பார்த்த பழைய ஆசிரியர் ஒருவர் வந்திருந்தார். நாம் அவரவர் ஊரிலிருந்து கணினியில் சேர்ந்து ஆடுகிற 'வடகரை' விளையாட்டில் படம் இல்லை, சத்தம் இல்லை, எல்லாமே திரையில் ஓடும் எழுத்துதான் என்று விளக்கினேன். "அப்ப என்னத்தைத்தான் விளையாடுறீங்க?" என்றார். ஒரு உதாரணம் சொன்னேன். வகுப்பில் நைல் நதியைப் பற்றிப் பேசுவேன். பிள்ளைகளில் யாரும் நைலைப் பார்த்ததில்லை. ஆனாலும் வெள்ளம் வருகிற இடம் வந்ததும் கடைசி பெஞ்சில் ஒருவன் கால் நனைந்துவிடும் என்பது போல இரண்டு பாதத்தையும் தூக்கிக்கொள்வான். அவ்வளவுதான் நம் விளையாட்டும்.

காரியத்துக்கு வருகிறேன். 29ஆம் தேதி வியாழக்கிழமை, கோயிலில் போர் ஆணை சொல்லப்போகிறேன். கங்குக் கூட்டம் நம் படகுகளை எரித்ததை மன்னிப்பதற்கில்லை. அவர்களின் தலைவன் யார்மோ தன் படையோடு கல்பாலத்தின் மேல் வருவான். பூசாரியான நீ கதவைச் சாத்து. மற்றவர்கள் பாலத்திலேயே அவர்களை மறிக்கட்டும். நிஜத்தில் ராவ்மா ஊரில் கேக் சுடுகிற மனிதன், உள்ளே வந்துவிட்டால் எப்படி நெருப்பைக் கக்குகிறான் பார்! கோயிலில் கடவுள் சொன்ன சொல்லைக் கடவுளே திரும்பப் பெற முடியாது என்பதால், சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதி வைத்துப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

விளையாட்டுக்குள் இருக்கிற பெயரைக் கடிதத்தில் போடுவதில்லை என்று நாம் வைத்துக்கொண்ட ஏற்பாடு நல்ல ஏற்பாடு. கடவுளும் ஓய்வூதியக்காரனும் ஒரே சட்டைக்குள் நுழைந்தால் பித்தான் தெறித்துவிடும்.

இத்தனை வருஷத்தில் உன் முகத்தைப் பார்த்ததில்லையே என்று ஈவா குறைப்படுகிறாள். ஒரு நடை வாயேன். நிறுத்தத்தில் இறங்கி, ஓடையின் மேல் இருக்கிற மரப்பாலத்தைத் தாண்டினால் எங்கள் வீடு.

அன்புடன்,
ஒஸ்மோ


கஜானி
1 டிசம்பர் 2018

அன்புள்ள ஒஸ்மோ,

முழங்கால் இருக்கட்டும். உங்களைப் போல ஒரு பொல்லாத மனுஷரை நான் பார்த்ததே இல்லை. பூசாரி என்று ஒருத்தி இருக்கிறாளே, அவளிடமாவது ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லக் கூடாதா?

மாலை ஆறு மணிக்கு எல்லோரும் ஈட்டியும் கேடயமுமாகக் கூடியிருந்தோம். 'மூடுபனி கோயிலுக்குள் நுழைகிறது' என்ற வரி வந்ததும் மண்டியிட்டோம். நீங்கள் பேசினீர்கள். அதை அப்படியே எழுதி என் பேருந்தில் ஓட்டுநர் இருக்கைக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறேன்: 'பாலத்தைக் கடந்து வருகிறவர்கள் குளிரில் வருகிறார்கள். கதவைத் திறந்து வையுங்கள். பட்டாணிச் சூப் கொடுங்கள்.'

முதலில் அக்செலிதான் வாய் திறந்தான். காப்பீட்டு அலுவலகத்தில் பயந்து பயந்து வேலை பார்க்கிறவன், உள்ளே நம் படைத்தலைவன்.

"ஆண்டவரே, எதிரிக்கா சூப்?"

"எதிரி யாரப்பா? விருந்தாளிகள்" என்றீர்கள்.

சொன்னது சொன்னதுதான். கதவைத் திறந்துவைத்து, ஈட்டிகளைச் சுவரில் சாத்திவிட்டு, அடுப்பு மூட்டினோம். யார்மோ தன் படையோடு வந்து வாசலில் அப்படியே நின்றுவிட்டான்.

"என்ன பூசாரியம்மா, கதவு தொறந்து கெடக்கு? பொறி வச்சிருக்கீங்களா?"

"சூப் வச்சிருக்கோம்."

"விஷமா?"

"பட்டாணி."

அவன் ஈட்டியைத் தாழ்த்தினான். "அதுல கலக்கக் கடுகு விழுது இருக்கா?"

"இருக்கு."

"அப்ப ஒரு கிண்ணம் ஊத்து. சண்டைய அப்புறம் பாத்துக்கலாம்."

இரண்டு கூட்டமும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டது. எரித்த படகுகளுக்குப் பதிலாகப் புதுப் படகு கட்டித் தருவதாக யார்மோவே சொல்லிவிட்டுப் போனான். ஒரு ஈட்டிகூட எறியாமல் போரை ஜெயித்துக் கொடுத்துவிட்டீர்கள். இந்தத் தந்திரம் எப்போது தோன்றியது? போர் ஆணை என்று எனக்கு எழுதியதுகூட நாடகமா?

ஈவாவுக்கு என் அன்பு.

உங்கள் மேல் கோபமும் பெருமையுமாக,
ரெய்யா


கெரிமாகி
9 டிசம்பர் 2018

அன்புள்ள ரெய்யா,

அது தந்திரம் இல்லை.

அன்று வீட்டில் பட்டாணிச் சூப் கொதித்துக்கொண்டிருந்தது. வியாழக்கிழமை அல்லவா, நம் நாட்டில் எல்லா வீட்டிலும் அதுதானே. அந்த வாசனையோடு போய் உட்கார்ந்தேன். பல வருஷங்களுக்கு முன்னால் நாம் இரண்டு கூட்டமும் சேர்ந்து வசந்த விழா கொண்டாடினோமே, அந்த நாள் என்று நினைத்துவிட்டேன். கங்குக் கூட்டத்தோடு நமக்குச் சண்டை என்பதே எனக்கு நினைவில் இல்லை. நான் எழுதி வைத்திருந்த ஆணை விசைப்பலகைக்குப் பக்கத்திலேயே கிடந்தது. என் கையெழுத்துதான். யாரோ கோபக்காரன் எழுதியது போல இருந்தது. ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டேன்.

மருத்துவரிடம் போய்வந்தோம். மறதி நோயின் தொடக்கம் என்கிறார். ஈவா திரும்பி வரும் வழியெல்லாம் வானொலியைச் சத்தமாக வைத்துக்கொண்டு வந்தாள்.

வகுப்பில் நான் பார்த்தது ஒன்று உண்டு. பாடத்தை மறந்துவிட்டு, மறந்துவிட்டோமே என்று விழிக்கிற பிள்ளையைப் பற்றிக் கவலை இல்லை. மறந்ததே தெரியாமல் கையைத் தூக்கிப் பதில் சொல்கிற பிள்ளையைப் பார்த்துத்தான் வகுப்பு சிரிக்கும். எனக்கு இன்று மறந்தது தெரிகிறது. தெரியாத நாள் வரும். உள்ளே எனக்கிருக்கிற பெயரை இந்த ஒரு தடவை எழுதிவிடுகிறேன்: உஸ்வா. அதன் மேல் இத்தனை பேர் விசுவாசம் வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயரைப் பார்த்து ஒருவரும் சிரிக்கக் கூடாது.

'உறங்கப் போகிறேன்' என்று கடவுள் தன் வாயால் சொன்னால்தான் இருக்கை காலியாகும், அடுத்தவருக்குப் போகும் என்பது உனக்குத் தெரியும். அதைச் சொல்ல வேண்டிய நேரம் எனக்குத் தெரியாமல் போய்விட்டால்? அதனால் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். ஒவ்வொரு வியாழனும் முடிவில் நீ, "மூடுபனி எங்கே போகிறது?" என்று கேட்கிறாய். நான், "எங்கும் போகவில்லை" என்கிறேன். நேரம் வந்துவிட்டது என்று உனக்குத் தோன்றுகிற அன்று, கேள்வியை மாற்று. "ஏரி உறைந்துவிட்டதா?" என்று கேள். எனக்குப் புரிந்துவிடும். உறைந்துவிட்டது என்று சொல்லி, உறங்கப் போய்விடுவேன். பார்க்கிறவர்களுக்கு அது பண்டிகை மாதிரி இருக்கும்.

இதை வேறு யாரிடமும் கேட்க முடியாது.

அன்புடன்,
ஒஸ்மோ


கஜானி
13 ஜனவரி 2019

அன்புள்ள ஒஸ்மோ,

கேட்க மாட்டேன். ஒரு மாதமாக இந்த ஒரு வரியை எப்படி எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். எழுதிவிட்டேன்.

உள்ளே என்ன நடக்கிறது தெரியுமா? யார்மோவின் ஆட்கள் வாராவாரம் சூப்புக்கு வருகிறார்கள். நீங்கள் ஒரே கதையை அடுத்தடுத்து மூன்று வாரம் சொன்னீர்கள். நம்மவர்கள் அதற்கு 'மும்முறைக் கதை' என்று பெயர் வைத்து, இதற்குள் ஏதோ ஆழம் இருக்கிறது என்று உட்கார்ந்து விவாதிக்கிறார்கள். போன வியாழன் நீங்கள் நடுவில் பேச்சை நிறுத்திவிட்டுப் பதினைந்து நிமிஷம் ஒன்றும் சொல்லவில்லை. யாரும் அசையவில்லை. இவ்வளவு நிம்மதியாக இருந்து ரொம்ப நாளாச்சு என்று ஒருத்தி பிறகு எனக்கு எழுதினாள்.

மறைக்காமல் மற்றதையும் சொல்லிவிடுகிறேன். வெளி முற்றத்தில் அக்செலி, "நம்ம சாமிக்கு மூளை கலங்கிடுச்சு போல. சண்டை போடத்தானய்யா நான் இந்தக் கூட்டத்துல சேர்ந்தேன், சட்டி கழுவவா?" என்றான். நான் பதில் சொல்வதற்குள் யார்மோ முந்திக்கொண்டான். "தம்பி, உன் சாமியப் பத்திப் பேச எனக்குத்தான்யா உரிமை, நான்தான் எதிரி. நீ போய்ச் சட்டிய கழுவு." அக்செலி கூட்டத்தை விட்டே போய்விட்டான். ஆனால் அவன் கேட்டதும் தவறில்லை. மறுநாள் முழுக்க நிறுத்தங்களைத் தாண்டித் தாண்டிப் போய்ப் பயணிகளிடம் திட்டு வாங்கினேன்.

என் கணவர் என்னை விட்டுப் போன வருஷம் நான் யாரோடும் பேசாமல் இருந்தேன். வியாழக்கிழமை மட்டும் உள்ளே வந்து, "மூடுபனி எங்கே போகிறது?" என்று கேட்பேன். "எங்கும் போகவில்லை" என்று ஒரு வரி வரும். அதை வைத்துக்கொண்டு அடுத்த வியாழன்வரை வண்டி ஓட்டுவேன். அந்தக் கேள்வியை மாற்று என்று என்னிடமே கேட்கிறீர்களே.

ரெய்யா


கெரிமாகி
24 பிப்ரவரி 2019

அன்புள்ள ரெய்யா,

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? வாத்தியாருக்குத் தொண்டை மாதிரி, உனக்கு அது.

உன் கோபம் நியாயம்தான். ஆனாலும் கேள். மணி அடித்த பிறகும் பேசிக்கொண்டே இருந்த ஆசிரியர் ஒருவரை எனக்குத் தெரியும். பிள்ளைகள் மரியாதைக்காக உட்கார்ந்திருந்தார்கள். கால் மட்டும் பெஞ்சுக்கு அடியில் வாசலைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அவருக்காக யாராவது எழுந்து நின்றிருந்தால் அது மரியாதைக் குறைவு ஆகாது. பெரிய உதவியாக இருந்திருக்கும். எழுந்து நிற்கிற அந்த ஒருத்தியாக இருக்கத்தான் உன்னைக் கேட்கிறேன்.

ஏரி முழுக்க உறைந்து வெள்ளையாகக் கிடக்கிறது. ஈவாவோடு அதன் மேல் நடந்துவிட்டு வந்தேன். கரை எது, தண்ணீர் எது என்று தெரியவில்லை. பயமாக இல்லை. அதைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

நான் உனக்குச் சொல்லியிருக்கிறேனோ தெரியவில்லை, நைல் நதிப் பாடம் நடத்தும்போது கடைசி பெஞ்சில் ஒரு பையன் கால் நனைந்துவிடும் என்று பாதத்தைத் தூக்கிக்கொள்வான். அவன் முகம் மட்டும் நேற்றுப் பார்த்தது போல இருக்கிறது.

உன் முழங்காலைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
உஸ்வா


கஜானி
27 ஏப்ரல் 2019

அன்புள்ள ஒஸ்மோ,

இதை ஈவா உங்களுக்குப் படித்துக் காட்டுவார். தொலைபேசியில் பேசினோம். மெதுவாகப் படிக்கச் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் கடைசிக் கடிதத்தின் அடியில் இருந்த பெயரைப் பார்த்த பிறகும் இரண்டு மாதம் தள்ளிப்போட்டேன். போன வியாழனோடு தள்ள இடம் இல்லாமல் போய்விட்டது. கோயில் நிறைந்திருந்தது. கங்குக் கூட்டமும் பாதிக்குப் பாதி. விளக்கேற்ற நான் முன்னால் வந்தேன். நீங்கள் கேட்டீர்கள்:

"புதிதாக வந்திருக்கிறாயா அம்மா? உன் பெயர் என்ன?"

பத்தொன்பது வருஷப் பூசாரியை. இரண்டு கூட்டத்துக்கும் முன்னால். யாராவது சிரித்துவிடுவார்களோ, அது ஒன்றுதானே நீங்கள் பயந்தது, என்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் வரி அக்செலியிடமிருந்து வந்தது. ஜனவரியில் போனவன் அன்றைக்குத்தான் திரும்பி வந்திருந்தான். ஈட்டியைக் கீழே வைத்துவிட்டு மண்டியிட்டான்.

"ஆண்டவரே, என் பேரையும் கேளுங்க."

கேட்டீர்கள். சொன்னான். "நல்ல பெயர்" என்றீர்கள். அடுத்து யார்மோ வந்தான். "நான் எதிரிக் கூட்டம் சாமி. எனக்கும் ஒரு பேரு இருக்கு." அவனுக்கும் "நல்ல பெயர்." அப்புறம் ஒரு நீண்ட வரிசையே சேர்ந்துவிட்டது, ஒஸ்மோ. ஒவ்வொருவராக வந்து பெயர் சொன்னார்கள். உள்ளே இருக்கிற பெயர் இல்லை. வீட்டுப் பெயர், அம்மா வைத்த பெயர். கோயிலுக்குள் அதுவரை யாரும் சொல்லாதது. நீங்கள் ஒவ்வொன்றுக்கும், "நல்ல பெயர்" என்றீர்கள். கடைசியாக நான், "ரெய்யா" என்றேன்.

"இந்தப் பெயரில் எனக்கு ஒருத்தியைத் தெரியும். முழங்கால் வலிக்காரி" என்றீர்கள்.

அதன் பிறகுதான் கேட்டேன். நீங்கள் சொல்லிக்கொடுத்தபடியே, ஒரு எழுத்து பிசகாமல்.

"ஏரி உறைந்துவிட்டதா?"

நீங்கள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து ஜன்னலுக்குப் போனதாக ஈவா சொன்னார். கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றீர்களாம். திரும்பி வந்து ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினீர்களாம்: "இல்லை அம்மா. உருக ஆரம்பித்துவிட்டது."

அதற்கு மேல் நீங்கள் எதுவும் சொல்லவில்லை. உறங்கப் போவதாகவும் சொல்லவில்லை. எனக்கு இரண்டாவது முறை கேட்க வாய் வரவில்லை; மன்னியுங்கள்.

ஈவா கணினியை மூடி வைத்துவிட்டார். சொல் வராமல் இருக்கையை வேறொருவருக்குக் கொடுக்க விதி இல்லை. விளையாட்டை நடத்துகிறவர்கள் எங்களைக் கேட்டார்கள். "இருக்கை அப்படியே இருக்கட்டும். யாரும் உட்கார வேண்டாம்" என்று இரண்டு கூட்டமும் சேர்ந்து சொல்லிவிட்டோம். இனி வியாழக்கிழமை ஆறு மணிக்கு அவர்கள் ஓடவிடும் வரியில் மூடுபனி கோயிலுக்குள் நுழையும், பேசாது. நாங்கள் கதவைத் திறந்து வைப்போம், சூப் ஊற்றுவோம். என் கேள்வியை நான் பழையபடியே கேட்பேன். பதில் எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம்.

மே 16ஆம் தேதிக்கு விடுப்பு எடுத்திருக்கிறேன். வேறு ஒருவர் ஓட்டுகிற பேருந்தில், பயணியாக உட்கார்ந்து வருவேன். நீங்கள் என்னை அடையாளம் கண்டுகொள்ள வேண்டியதில்லை. எப்படியும் என் முகத்தை நீங்கள் பார்த்ததில்லை. அந்த விஷயத்தில் நமக்கு இழப்பு எதுவும் இல்லை.

என்றும் உங்கள்,
ரெய்யா


கெரிமாகி
12 மே 2019

அன்புள்ள அம்மா,

உங்கள் பெயரை ஈவா இந்தத் தாளின் மேல் ஓரத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறாள். ரெய்யா. நல்ல பெயர்.

நீங்கள் வியாழக்கிழமை வருவதாகச் சொன்னாள். நாம் எப்படிப் பழக்கம் என்றும் சொன்னாள். நீளமான கதை, நடுவில் ஒரு கோயில் வந்தது. எனக்குப் பிடித்திருந்தது. திரும்பச் சொல்லச் சொன்னேன். "எத்தனை தடவடா சொல்றது" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள்.

ஏரி முழுக்கத் திறந்துவிட்டது. காலையில் பனி ஏறி வருகிறது. அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் நேரம் போவது தெரியவில்லை.

எங்கள் வீட்டுக்கு ஒரு மரப்பாலத்தைத் தாண்டி வர வேண்டும். பாலத்தைக் கடந்து வருகிறவர்கள் குளிரில் வருகிறார்கள், கதவைத் திறந்து வைத்து அவர்களுக்குப் பட்டாணிச் சூப் கொடுக்க வேண்டும் என்று யாரோ ஒரு பெரியவர் சொல்லியிருக்கிறார். ஈவா அதைச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறாள். யார் சொன்னது என்று கேட்டால் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். யாராக இருந்தாலும் சரியாகச் சொல்லியிருக்கிறார். நான் பள்ளிக்கூடத்தில் இருந்தபோது தெரிந்திருந்தால் பிள்ளைகளுக்கு உதாரணமாகச் சொல்லியிருப்பேன்.

கதவு திறந்திருக்கும். வாருங்கள்.

அன்புடன்,
ஒஸ்மோ

கடுகு விழுதும் இருக்கிறது.