இரண்டாம் பாதியின் கடைசி ஐந்து நிமிடம்

அப்டன் பார்க், லண்டன்
6-11-1988

அன்புள்ள நாயகம்,

உன் கடைசிக் கடிதம் வந்து ஐந்து மாதமாகிறது. ஊரடங்கு, தபால் இல்லை, முத்திரை இல்லை என்று உனக்காக நானே சாட்டுச் சொல்லிக்கொண்டு இருக்கிறேன். நீங்கள் எல்லோரும் உயிரோடு இருப்பதாக உன் தங்கை மேரிறோஸ் சொன்னாள். அதனால் கோபத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன்.

உனக்கு ஒரு புதினம் வைத்திருக்கிறேன், நல்ல செய்திதான். நான் பகலில் நிலக்கீழ் ரயிலில் டிக்கெட் கொடுக்கிறவன் என்றாலும், கிழமையில் இரண்டு பின்னேரம் இங்குள்ள கல்லூரி ஒன்றின் பெண்கள் கூடைப்பந்தாட்டக் குழுவுக்குப் பயிற்சி கொடுப்பது உனக்குத் தெரியும். இந்த செப்டம்பரில் புதிதாகச் சேர வந்த பிள்ளைகளில் ஒருத்தி பந்தைத் தட்டிய விதத்தைப் பார்த்து, "பிள்ளை, நீர் ஆரின்ரை மகள்?" என்று கேட்டேன். சிரித்தாள். உன் மகள் நிர்மலா! சின்னப் பிள்ளையில் கண்டது, முகம் அடையாளம் தெரியவில்லை. மூன்று வருடமாகப் பார்க்கிங் என்ற பக்கத்து ஊரில் மேரிறோஸ் வீட்டில் இருந்து படிக்கிற பிள்ளை, பள்ளிக்கூடத்திலேயே விளையாடத் தொடங்கியிருக்கிறாள். மேரிறோஸ்கூட அதை எனக்குச் சொல்லவில்லை.

அவளைக் கார்ட் ஆக நிறுத்தியிருக்கிறேன். பந்தை முன்னே கொண்டுபோய், மற்ற நாலு பேருக்கும் இடம் காட்டி ஆட்டத்தை நடத்துகிற இடம். பாடசாலைக் குழுவில் நீயும் நானும் நின்ற இடம். ஐந்து ஆட்டம் முடிந்தது, மூன்றில் வென்றோம். "அப்பாவுக்கு நீங்களே எழுதுங்கோ அங்கிள், சந்தோசப்படுவார்" என்றாள். எழுதிவிட்டேன்.

மனைவியையும் மூத்தவள் பிலோமினாவையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
அம்பலவாணன்


குருநகர், யாழ்ப்பாணம்
4-12-1988

அம்பலவாணன்,

உன் கடிதம் நேற்றுக் கிடைத்தது. நிர்மலாவை உடனே குழுவில் இருந்து எடுத்துவிடு.

அவளை லண்டனுக்கு அனுப்பியது படிக்க. கால் தெரிய உடுத்திக்கொண்டு ஊரார் முன்னால் ஓடுவதற்கு அல்ல. பிலோமினாவுக்கு இளவாலைப் பக்கம் ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டு இருக்கிறோம். தங்கச்சிக்காரி இப்படித் திரிகிறாள் என்று கதை வந்தால் எல்லாம் குழம்பிப்போகும்.

நான் சொல்வதை நீ கேட்பாய் என்று நினைக்கிறேன். அவளுக்கும் தனியாக எழுதுகிறேன்.

இங்கே நிலைமை எழுதக்கூடியதாக இல்லை.

கிறிஸ்துநாயகம்


அப்டன் பார்க்
8-1-1989

அன்புள்ள நாயகம்,

உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். எழுத்து உன்னுடையது, கதை உன்னுடையது இல்லை. பெண்பிள்ளைகளுக்கும் ஒரு மைதானம் வேண்டும் என்று பள்ளிக்கூடத்து அதிபரோடு சண்டை பிடித்த மாஸ்டர் நீ. கால் தெரிகிறதாம்! மச்சான், இங்கே குளிருக்கு அவள் நீளக் காற்சட்டையோடுதான் ஓடுகிறாள்.

அவளிடம் உன் கடிதத்தைப் பற்றிக் கேட்டேன். கண் கலங்கிவிட்டது. "இங்கை வந்து முதல் வருசம் நான் ஒருத்தரோடையும் கதைச்சதில்லை அங்கிள். பந்தாலைதான் எனக்குச் சிநேகிதம் வந்தது. இதையும் விடச் சொன்னால் எனக்கு ஏலாது" என்றாள். பத்தொன்பது வயதுப் பிள்ளை. நான் எடுக்கமாட்டேன். கோபித்துக்கொள்.

கோபத்தோடாவது இதை வாசி. சீசன் பாதி முடிந்தது. அது முடிந்ததும் ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் கல்லூரிக்கு அறிக்கை எழுத வேண்டும், அதற்கான குறிப்பைத்தான் உனக்கும் தருகிறேன். ஆட்டத்துக்குப் பதினொரு புள்ளி. ஆனால் அவள் போடும் புள்ளியைவிட மற்றவர்களைப் போடவைப்பதுதான் அதிகம். யார் எங்கே மறிக்க ஆளில்லாமல் நிற்கிறாள் என்று தலை திருப்பாமல் அவளுக்குத் தெரிகிறது. இடது கை போதாது, அந்தப் பக்கம் நெருக்கினால் பந்தைப் பறிகொடுக்கிறாள். அடுத்த வருடம் அணித்தலைவியாக்க யோசிக்கிறேன்.

ஒரேயொரு குறை. இரண்டாம் பாதியின் கடைசி ஐந்து நிமிடம் அவள் வேறு ஆள். கால் இழுக்கிறது, இடுப்பில் கைவைத்து நிற்கிறாள், முகம் வெளிறிவிடுகிறது. உடம்பில் பலம் காணாது என்று நினைக்கிறேன். பயிற்சி முடிந்த பிறகு அவளை மட்டும் பத்துச் சுற்று மேலதிகமாக ஓடவிடுகிறேன். மார்ச்சுக்குள் சரிப்பண்ணிவிடலாம்.

அன்புடன்,
அம்பலம்


யாழ்ப்பாணம்
5-2-1989

என் அன்புள்ள அம்பலம்,

ஓடவிடாதே. இதை வாசிக்கிற நேரம் அவள் எங்கே இருந்தாலும் போய் நிறுத்து. மிச்சத்தைப் பிறகு வாசி.

உன் கடிதம் கிடைத்த அன்றே தபால் கந்தோருக்குப் போனேன். வெளிநாட்டுக்குத் தொலைபேசி எடுக்க முடியாது என்றார்கள். அடுத்த நாளும் போனேன். தந்தியும் எப்போது போய்ச் சேரும் என்று சொல்ல முடியாதாம். நாளை கொழும்புக்குப் போகிற பாதிரியார் ஒருவர் கையில் இதைக் கொடுக்கிறேன். வழியில் எத்தனை சோதனைச் சாவடி, எத்தனை நாள் என்று தெரியாது.

என் அண்ணை மரியதாசை உனக்கு நினைவிருக்கும். அறுபத்துநாலில் செத்தார். பெட்டியைச் சுமந்தவர்களில் நீயும் ஒருவன். வெயில் பட்டு மயங்கி விழுந்து செத்தார் என்று ஊருக்கும் உனக்கும் சொன்னோம். பொய். கோயில் பெருநாளில் நடந்த ஓட்டப்போட்டியில் முதலாவதாக வந்து, கயிற்றைத் தாண்டி நாலு அடி வைத்து, விழுந்தார். நான் ஓடிப்போய்த் தூக்கும்போதே மூச்சு இல்லை. இருபத்தைந்து வயது. அம்மாவின் தம்பியும் அதே வயதில் வயலில் விழுந்து செத்தவர். ஆஸ்பத்திரியில் உடலை அறுத்துப் பார்த்த டாக்குத்தர் என்னைத் தனியே கூப்பிட்டு, "நெஞ்சுத் தசை தடிக்கிற வருத்தம். இது குடும்பத்திலை வாறது. நீரும் இனி ஓடி விளையாடாதையும்" என்றார்.

அம்மா என்னிடம் சத்தியம் வாங்கினா. வீட்டில் மூன்று குமர்கள். நெஞ்சு வருத்தக் குடும்பம் என்று தெரிந்தால் ஒருவன் படி ஏறமாட்டான் என்றா. மேரிறோசுக்கே இன்றுவரை தெரியாது. அந்தக் கிழமைதான் நான் பந்தை விட்டேன். ஏன் விட்டாய் என்று நீ ஒரு வருடம் என்னோடு கதைக்கவில்லை.

என் பிள்ளைகளுக்கும் சொல்லவில்லை. ஓடாதே, விளையாடாதே என்று மட்டும் அதட்டி வளர்த்தேன். வெடிச் சத்தத்தில் இருந்து தப்பட்டும் என்று ஒன்றை லண்டனுக்கு அனுப்பினேன். முகம் வெளிறுகிறது என்று நீ எழுதிய வரியைத்தான் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டு இருக்கிறேன். டிசம்பரிலேயே உனக்கு உண்மையை எழுதியிருக்க வேண்டும். பேனாவை எடுத்து, பிலோமினாவின் சம்பந்தத்தை நினைத்து, கால் தெரிகிறது என்று எழுதினேன்.

அவள் இருக்கிறாளா, அம்பலம்?

நாயகம்


அப்டன் பார்க்
26-2-1989

நாயகம்,

இருக்கிறாள். முதலில் அதை எழுதிவிட்டேன்.

இனி நடந்ததைக் கேள். பதினெட்டாம் தேதி சனிக்கிழமை, வெம்பிளிப் பக்கத்தில் ஆட்டம். முடிய நாலு நிமிடம் இருந்தது, நாங்கள் இரண்டு புள்ளி பின்னால். நிர்மலா பந்தோடு நடுக்கோட்டைத் தாண்டினாள். யாரும் அவளைத் தொடவில்லை. முழங்கால் மடிந்து, முகம் கவிழ விழுந்தாள். பந்து தானாக உருண்டு போனது. நான் ஓடினேன். உதடு நீலமாக இருந்தது. அரை நிமிடம் என்று மற்றவர்கள் சொல்கிறார்கள், எனக்கு அதன் அளவு தெரியாது. கண் திறந்து, "ஸ்கோர் என்ன அங்கிள்?" என்று கேட்டாள்.

காரில் கூட்டிக்கொண்டு வரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். "காலமை சாப்பிடேல்லை, அதுதான். அப்பாவுக்கு எழுதாதையுங்கோ. எழுதினால் விளையாட்டு முடிஞ்சுது." ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றேன், மாட்டேன் என்றாள். மேரிறோஸ் மாமிக்கும் சொல்ல வேண்டாம் என்றாள். நான் ஓம் என்றேன், நாயகம். ஓம் என்று சொன்னவன் நான்தான். அந்தக் கிழமை முழுக்க எனக்கு நித்திரை இல்லை. ஆனாலும் அடுத்த சனிக்கிழமை ஆட்டத்துக்கு அவள் பெயரைத்தான் முதலாவதாக எழுதிக் கொடுத்தேன். அது அரையிறுதி. அவள் இல்லாமல் வெல்லமாட்டோம் என்று தெரியும்.

வெள்ளி காலை வேலைக்குப் புறப்படும்போது உன் கடிதம் வாசலில் கிடந்தது. முதல் வரியோடு மடித்துப் பையில் வைத்தேன், மிச்சத்தை ரயிலில்தான் வாசித்தேன். வேலைக்குச் சொல்லாமலே பார்க்கிங்குக்கு, மேரிறோஸ் வீட்டுக்குப் போனேன். நிர்மலா ஓடும்போது போடுகிற சப்பாத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு நின்றாள். மேரிறோசும் நானும் அவளை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். அவள் விழுந்ததையும் உன் கடிதத்தில் இருந்ததையும் வழியிலேயே இரண்டு பேருக்கும் சொன்னேன். 

அங்கே அவளை மறித்து வைத்திருக்கிறார்கள். நெஞ்சை ஸ்கான் எடுத்தார்கள். உங்கள் டாக்குத்தர் அறுபத்துநாலில் சொன்னதையே இவர்களும் சொன்னார்கள். "இன்னும் ஒரு ஆட்டம் ஆடியிருந்தால்" என்று அந்தப் பெண் டாக்குத்தர் தொடங்கி, என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டா.

அவளை மேலதிகமாகப் பத்துச் சுற்று ஓடவைத்தேன். கண்ணை மூடினால் அவள் அந்த மூலையில் திரும்புவது தெரிகிறது. உன்னைத் திட்ட வேண்டும்போல் இருக்கிறது. திட்டத் தொடங்கினால் எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை.

அம்பலம்


அப்டன் பார்க்
2-4-1989

நாயகம்,

நிர்மலா வீட்டுக்கு வந்து மூன்று கிழமை. மருந்து தருகிறார்கள். நடக்கலாம், படிக்கலாம், படி ஏறும்போது மெதுவாக ஏற வேண்டும். இனி ஓட்டம் இல்லை. அரையிறுதியில் தோற்றோம்.

கல்லூரிக்கு அறிக்கை கொடுக்கும் நாள் வந்தது. அவளைப் பற்றிய தாளை எழுத முடியாமல் பத்து நாள் வைத்திருந்தேன். அவளே வந்து கேட்டாள். எழுதியதை வாசித்தாள். இடது கையைப் பற்றி நான் எழுதாமல் விட்டிருந்தேன். "ஏன் விட்டனீங்கள்? விழுந்ததுக்காக எனக்குப் பிச்சை போடாதையுங்கோ. என்ரை சீசன் அது. உள்ளதை எழுதுங்கோ" என்றாள். எழுதினேன். பதினான்கு ஆட்டம், நூற்றைம்பத்தாறு புள்ளி. இடது கை போதாது. பந்து பறிகொடுத்தது ஐம்பத்தொரு தரம். கடைசி ஐந்து நிமிடத்துக் குறைக்கு அவள் காரணம் அல்ல, பயிற்சியாளர் தவறாக விளங்கிக்கொண்டார்.

அடுத்த சீசனில் என்ன பங்கு என்று நிரப்ப அறிக்கையில் ஒரு கட்டம் இருக்கிறது. பயிற்சியில் எனக்கு உதவியாக நில் என்று கேட்டேன். ஒரு பயிற்சி ஆட்டத்துக்கு வந்து என் பக்கத்தில் இருந்தாள். பாதியில் எழும்பிப் போய்விட்டாள். வெளியே போய்ப் பார்த்தேன், பஸ் தரிப்பிடத்தில் அழுதுகொண்டு இருந்தாள். "சப்பாத்துச் சத்தம் கேட்க ஏலாமல் கிடக்கு அங்கிள்." அந்தக் கட்டத்தில், 'விளையாடமாட்டார்' என்று மட்டும் எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

அன்று அவள் கேட்டதை நான் உனக்கு எழுதத்தான் வேண்டும். "அப்பா பயந்தது நான் செத்துப்போவன் எண்டோ, அக்காவின்ரை கலியாணம் குழம்பிப்போகும் எண்டோ?" பதில் சொல்ல வேண்டியவன் நான் இல்லை. உனக்குத் தெரியும்.

டாக்குத்தர் இன்னொன்றும் சொன்னா. கூடப் பிறந்தவர்களையும் பெற்றவர்களையும் சோதிக்க வேண்டும். பிலோமினா இருக்கிறாள். நீ இருக்கிறாய். கொழும்பில் செய்யலாமாம். அவளுக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கும் சொல்லாமல் தாலி கட்டவைப்பாயோ என்றுதான் எனக்குப் பயம்.

நிர்மலாவுக்கு நீ எழுது. எனக்கு வேண்டாம். அவளுக்கு எழுதும் வரைக்கும் எனக்கு எழுதாதே.

அம்பலவாணன்


கொழும்பு
14-5-1989

அன்புள்ள அம்பலம்,

எழுதாதே என்றாய். இத்தோடு நிர்மலாவுக்கு ஒரு கடிதம் ஒட்டி வைத்திருக்கிறேன். அதனால் எழுதுகிறேன்.

உன் கடிதம் கிடைத்த இரவே பிலோமினாவையும் தாயையும் இருத்திச் சொன்னேன். இருபத்தைந்து வருடம் வாய்க்குள் இருந்ததைச் சொல்லிமுடிக்கப் பத்து நிமிடமும் ஆகவில்லை. மனைவி எழும்பிப் போய்க் குசினிக் கதவைச் சாத்திக்கொண்டா. இன்றுவரை என்னோடு தேவைக்கு மட்டும்தான் கதைக்கிறா. பிலோமினா ஒன்றுதான் கேட்டாள். "தங்கச்சிக்கு மூச்சு இருக்கோ அப்பா?"

மறுநாள் சைக்கிளில் இளவாலைக்குப் போனேன். சோதனைச் சாவடியில் ஒரு மணித்தியாலம் வெயிலில் நின்றபோது, திரும்பிவிடலாம், இன்றைக்குப் பாதை இல்லை என்று சொல்லிவிடலாம் என்று யோசித்தது உண்மை. திரும்பவில்லை. மாப்பிள்ளையின் தகப்பனுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அந்த மனிதர் தேத்தண்ணி தந்தார். "யோசிச்சுச் சொல்லுறம் மாஸ்டர்" என்றார். இரண்டு கிழமை ஆகிறது. சொல் வரவில்லை. வராது என்று எனக்குத் தெரியும். "வராட்டில் விடுங்கோ" என்கிறாள் பிலோமினா. அவள் அழுத தலையணையைத் தாய் காயப்போட்டதைக் கண்டேன்.

கொழும்பில் நேற்று முன்தினம் இரண்டு பேரையும் சோதித்தார்கள். பிலோமினாவின் நெஞ்சில் ஒன்றும் இல்லை. டாக்குத்தர் மூன்று தரம் பார்த்துச் சொன்னார். எனக்கு இருக்கிறது. என்னிடம் இருந்துதான் பிள்ளைக்குப் போயிருக்கிறது. நாற்பத்தேழு வயதுவரை ஓடாமல் இருந்து என்னை மட்டும் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன்.

நிர்மலா கேட்டதற்கு அவளுக்கே பதில் எழுதியிருக்கிறேன். இரண்டுக்கும் பயந்தேன் என்றும், முதலில் எதற்குப் பயந்தேன் என்றும் எழுதியிருக்கிறேன். அவள் மன்னிக்க வேண்டும் என்று எழுதவில்லை.

அவளுடைய கடிதத்தை நீ தபாலில் போடாதே. கையில் கொண்டுபோய்க் கொடு. வாசிக்கும்போது பக்கத்து அறையில் இரு. என்ன எழுதியிருக்கிறேன் என்று கேட்காதே. அவள் கிழித்துப் போட்டால் போடட்டும். அதை மட்டும் எனக்கு எழுது. நாங்கள் செவ்வாய்க்கிழமை யாழ்ப்பாணம் திரும்புகிறோம்.

நாயகம்