ஒட்டிக்கொண்ட பொத்தான்

மார்ச் 3, செவ்வாய்

ஒத்திகையில் இன்றும் தம்பிதான் முன் நாற்காலி. சித்தப்பா மகன். நான் பின்னால், இரண்டாவது ட்ரம்பெட். அவன் ஊதியது போன மழைக்காலத்தில் நான் ஊதியது. அப்படியே. மூச்சு வாங்கிய இடம்கூட அதே.

ஜாஸில் பாட்டின் தலையும் வாலும்தான் முன்பே பேசிக்கொள்வோம். நடுவில் அவனவனுக்கு அன்றைக்கு வந்தது. ஒருத்தன் ஒன்று சொல்வான், இன்னொருத்தன் பதில் சொல்வான். மறுநாள் அதே பாட்டு, வேறு பேச்சு. அன்றைக்கு நான் பேசியதை இவன் போனில் பிடித்து, மனப்பாடம் பண்ணி, எங்கள் குழுவின் புது முதலாளியிடம் தன் சரக்காக ஊதிக்காட்டி என் இடத்தில் உட்கார்ந்துவிட்டான்.

விடமாட்டேன்.

மார்ச் 5, வியாழன்

கிடைத்துவிட்டது!

என் ட்ரம்பெட்டில் நடுப் பொத்தான் ஈரக் காற்றில் ஒட்டிக்கொள்ளும். உள்ளே போனால் வராது, மேல்வீட்டுக்காரர் வாங்கிப்போன என் ஏணி மாதிரி. (ஒரு பல்பு மாட்ட வேண்டும் என்று வாங்கினார். அவர் வீட்டில் எத்தனை பல்புதான் இருக்கிறதோ.) போன மழைக்காலத்தில் அன்றைக்கும் பாட்டின் பாதியில் ஒட்டிக்கொண்டது. நகத்தால் நெம்பி எடுக்கும்வரை ஒரே ஸ்வரத்தை இழுத்தேன். ட்ரம்ஸ் வாசிக்கும் மச்சான், என் வீட்டுக்காரியின் அண்ணன், என் அவஸ்தையைப் பார்த்து, பூட்டிய கதவைத் தட்டுகிற மாதிரி தட்டினார். சபை சிரித்துக் கைதட்டியது.

தம்பி அந்தக் கோளாறையும் சேர்த்து மனப்பாடம் பண்ணியிருக்கிறான்! அவன் பொத்தானுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனாலும் அந்த இடம் வந்ததும் இழுத்துக்கொண்டு நிற்கிறான், மச்சான் தட்டுவார் என்று.

தட்டாவிட்டால்?

மார்ச் 6, வெள்ளி

ஞாயிறு மத்தியானம் பெரிய கச்சேரி. முன் நாற்காலி யாருக்கு நிரந்தரம் என்று முதலாளி அன்றைக்கு முடிவு சொல்வார். மச்சானிடம் விஷயத்தைச் சொன்னேன். ரொம்ப நேரம் கண்ணாடியைத் துடைத்தார்.

"ஒண்ணா வளந்த பய, மாப்ள."

"அதனாலதான் மச்சான் கேக்குறேன். நீங்க எதுவும் செய்ய வேணாம். சும்மா இருந்தா போதும்."

மார்ச் 8, ஞாயிறு

கச்சேரி முடிந்து இப்போதுதான் வீடு வந்தேன்.

அந்த இடம் வந்தது. இழுத்தான். மச்சான் குச்சியை மடியில் வைத்துவிட்டார். தம்பி இழுத்துக்கொண்டே திரும்பிப் பார்த்தான். கழுத்து நரம்பு புடைத்தது. சபையில் யாரோ இருமினார்கள். இதற்குத்தானே காத்திருந்தேன்? அடங்கட்டும் என்று சும்மா இருந்திருக்கலாம். எனக்கு அதுவும் போதவில்லை. எழுந்து, அவன் ஸ்வரத்தோடு உரசுகிற மாதிரி பக்கத்து ஸ்வரத்தை ஓங்கி ஊதினேன். திருடான்னு கூப்பிட்ட மாதிரி.

அவன் பதில் சொன்னான். அசிங்கமாக, கோபமாக. மனப்பாடம் இல்லை. நான் வெட்ட, அவன் தடுக்க, அவன் பாய, நான் மறிக்க... மச்சான் எப்போது குச்சியை எடுத்தார் என்றே தெரியாது. முடிந்தபோது சபை எழுந்து நின்றது.

அவன நாறடிக்கப் போனேன். நானே தூக்கி விட்டுட்டனே!

மார்ச் 9, திங்கள்

முன் வரிசையில் இரண்டு நாற்காலி போடச் சொல்லிவிட்டார் முதலாளி, அவனுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. அடுத்த ஞாயிறும் அதையே ஊத வேண்டுமாம். அதையேவா?

மதியம் தம்பி வாசலில் வந்து நின்றான். உள்ளே வா என்று நான் சொல்லவில்லை.

"அண்ணே, நேத்து ஊதினத யாராச்சும் போன்ல பிடிச்சாங்களா?"

"ஏன், அதையும் திருடணுமா?"

தலையைக் குனிந்துகொண்டான். யாரும் பிடிக்கவில்லை. அதில் எனக்குப் பரம திருப்தி.

மார்ச் 15, ஞாயிறு

நினைவு வைத்து ஊதினோம். அதே இழுப்பு, அதே உரசல். சவத்துக்குச் சட்டை மாட்டின மாதிரி இருந்தது. பாதியில் தம்பியின் கண்ணைப் பார்த்தேன். அவனுக்கும் தெரிந்தது.

மார்ச் 22, ஞாயிறு

காலையில் மேல்வீட்டுக்காரர் ஏணியைத் திருப்பித் தந்தார். ஒரு படியைக் காணோம்.

மத்தியானம் கச்சேரியில் தம்பி ஊதிய முதல் ஸ்வரமே எனக்குத் தெரியாததாக இருந்தது. அவனுக்கும் தெரியாது என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. மச்சான் என்னைப் பார்த்தார். என் வயிற்றெரிச்சல் அடங்கவில்லை, அடங்கவும் வேண்டாம். இன்றைக்கும் வெட்டத்தான் போனேன். ஆனால் எங்கே வெட்டுவது என்று தெரிய, அவன் சொல்லி முடிக்கிறவரை கேட்க வேண்டியிருந்தது.

ட்ரம்பெட்டை மடியில் வைத்துக்கொண்டு கேட்டேன்.