கசோண்டே அம்மா

மார்ச் 11, திங்கள்

காலை ஷிஃப்ட். வெளியே மழை விட்டுவிட்டது. செம்புச் சுரங்கத்துக்குள் எல்லாக் காலமும் ஒன்றுதான், வேர்வைக் காலம். துளைபோடும் எந்திரத்துக்கு உடம்பால் முட்டுக்கொடுத்தால்தான் பாறையைக் குடையும். இத்தனை வருடம் நெஞ்சைத்தான் கொடுத்தேன். இன்று ஒவ்வொரு அதிர்வும் இடது பக்கம் ஊசி ஏற்றியது. தோளுக்கு மாற்றினேன், எந்திரம் வழுக்கியது. ஃபோர்மேனிடம் வசவு.

மேலே வந்தால் குளியல் கூடம். எல்லாரும் உரித்துப்போட்டுக் குளிக்கிறார்கள், நான் சட்டையோடு நின்றேன். கூட வேலைசெய்யும் ஜெரே வழக்கம்போல ஓவராலைக்கூடக் கழற்றாமல் பெஞ்சில் உட்கார்ந்து, வாயை மட்டும் அவிழ்த்து விட்டிருந்தான்.

"ஏ கசோண்டே அம்மா! வெக்கமா இருக்கா? பால் கட்டிக்கிச்சுன்னா சொல்லு, புள்ளைய ஸ்கூல்லேருந்து கூட்டிட்டு வரேன்!"

கசோண்டே என் மகன். ஊர் என்னைக் கசோண்டே அப்பா என்றுதான் கூப்பிடும். இவன் இரண்டு வாரமாக அம்மா ஆக்கிவிட்டான். கூடமே சிரித்தது.

கோபப்பட முடியாது. அவன் அங்கோனி இனம், நான் பெம்பா. பாட்டன் காலத்தில் ஈட்டியால் குத்திக்கொண்டோம், இப்போது வாயால். இரண்டு கூட்டத்துக்கும் கேலி முறை; அவர்கள் எலி தின்னிகள், நாங்கள் குரங்கு தின்னிகள். அவன் எனக்கு மச்சான். அவன் என்ன சொன்னாலும் பொறுக்க வேண்டும், முகம் சுளித்தால் நான்தான் முறை தெரியாதவன்.

"போடா எலி தின்னி, நீ என்னைக்குடா இங்க குளிச்சிருக்க? தண்ணியப் பாத்தாலே நடுங்குற வம்சம்!" என்றேன்.

"எங்க பொம்பளைங்க வீட்ல வெந்நி வெச்சிருப்பாங்கடா, குரங்கு தின்னி."

நானும் சிரித்தேன். சிரித்தால்கூட வலிக்கிறது.

மார்ச் 15

முலை. எழுதிவிட்டேன்.

ஆறு மாதம் முன்பு இடது காம்புக்கு அடியில் ஒரு கட்டி. இப்போது இரண்டு பக்கமும் கொய்யாப்பழ அளவு. மாத்திரையால்தான். நானும் மனைவி எமெல்டாவும் நாலு வருடமாகச் சாப்பிடும் எச்.ஐ.வி. மாத்திரை. அதற்கு முன் என்னைத் தள்ளுவண்டியில் வைத்துத்தான் கிளினிக்குக்கு இழுத்துப் போனாள். அந்த மாத்திரைதான் என்னை எழுப்பி மறுபடி சுரங்கத்துக்கு அனுப்பியது. நன்றி கெட்டவனாக எழுதவில்லை. ஆனால் அவளும் அதையேதான் விழுங்குகிறாள், அவளுக்கு ஒன்றும் இல்லை.

ஆம்பிளைக்கு மார் வளர்ந்தால் அவன் என்ன மாத்திரை சாப்பிடுகிறான் என்று இந்த ஊரில் கோழிக்குக்கூடத் தெரியும். நோயை மறைக்கலாம். இதை எங்கே கொண்டுபோய் மறைப்பது?

ஏப்ரல் 3

எமெல்டா இடுப்பில் சுற்றும் பழைய சித்தெங்கேத் துணியைக் கிழித்து, இறுக்கிச் சுற்றிக்கொண்டு ஒரு வாரமாக இறங்குகிறேன். அடியில் அந்தச் சூட்டில் துணி நனைந்து கயிறாகச் சுருண்டு விலாவை அறுக்கிறது. மூச்சு முட்டுகிறது. இன்று அவிழ்க்கும்போது எமெல்டா பார்த்துவிட்டாள். வேர்க்குரு வெடித்துத் தோல் கன்றிப்போயிருந்தது.

முதலில் சிரித்தாள். "பதிமூணு வயசுலேருந்து நான் இதைத் தூக்கிட்டுத்தான் அலையுறேன். எனக்காக யாராவது அழுதாங்களா?" பிறகு வாஸ்லினை எடுத்துவந்து தடவினாள். கை பட்டதும் கத்திவிட்டேன். அதற்கப்புறம் அவள் சிரிக்கவில்லை.

ஏப்ரல் 20, சனி

சிசோகோனே சந்தை. பழைய துணிக் கட்டு இன்றுதான் பிரித்திருக்கிறார்கள். சலாவுலாக் குவியலில் ஒரு மலை முழுக்கப் பாடிகள். எந்தத் தேசத்துப் பொம்பளைகள் போட்டுக் கழித்ததோ. எமெல்டா என் மார்பை நூலால் அளந்து முடிச்சுப் போட்டு எடுத்து வந்திருந்தாள். நான் பக்கத்துக் கடையில் பெல்ட் பார்ப்பதுபோல நின்றேன்.

"யாருக்கும்மா?" என்றாள் கடைக்காரி.

"தங்கச்சிக்கு."

நூலை விரித்துப் பார்த்தவள் குரலை ஏற்றினாள். "இதென்ன தங்கச்சியா, லாரி ஓட்டுறவளா? இவ்ளோ முதுகு! மாரு மட்டும் இத்தனூண்டு!"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். எமெல்டாவும் சேர்ந்து சிரித்து, "சாப்பாடெல்லாம் தோளுக்கே போவுது அவளுக்கு" என்றாள். எனக்குக் காது எரிந்தது. எப்படி வாயில் வந்ததோ அவளுக்கு!

ஓட்டப்பந்தயக்காரிகள் போடுகிற மாதிரி ஒன்று. கறுப்பு. கொக்கி கிடையாது, கம்பி கிடையாது, பனியன் போலத் தலை வழியாக மாட்டுவது, பட்டை அகலம். அதே மாதிரி இரண்டு கிடைத்தன. வீட்டில் உள்பக்கம் பருத்தித் துணி வைத்துத் தைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு மாட்டினேன்.

தாங்கியது. அவ்வளவுதான், யாரோ இரண்டு கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டது மாதிரி. குதித்துப் பார்த்தேன். வலி இல்லை. வலி இல்லாமல் போனதும் அழுகை வந்தது, ஏன் என்று தெரியவில்லை.

மே 1

தொழிலாளர் தின ஊர்வலத்துக்கு டி-ஷர்ட் கொடுத்தார்கள். வெள்ளை. வயிற்றுப்போக்கு என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன்.

மே 9

இன்று மாட்டியிருப்பேன். செம்புத் துண்டு திருடுகிறார்கள் என்று சுரங்க வாசலில் காவலர்கள் தடவிப் பார்த்து விடுகிறார்கள். புதுப் பையன் ஒருவனின் கை என் முதுகில் போய் அப்படியே நின்றது. பட்டையின் விளிம்பு.

"என்ன இது? சட்டையத் தூக்கு."

சட்டை நுனியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். எனக்குப் பின்னால் வரிசையில் ஜெரே. போட்டான் ஒரு சத்தம்: "டேய்! எங்க கையை வெக்கிற? கசோண்டே அம்மா கல்யாணமானவடா! புருஷன்கிட்ட சொல்லிடுவேன்!"

வரிசையே விழுந்து விழுந்து சிரித்தது. பையன் வெட்கப்பட்டுக் கையை எடுத்துவிட்டான். அந்தக் களேபரத்தில் ஜெரேயைத் தடவாமலே விட்டான்.

பாவி. இத்தனை பேர் முன்னால். முறையாவது மண்ணாவது, ஒருநாள் இவன் வாயை உடைக்கப் போகிறேன்.

மே 23

கிளினிக். இன்று சொல்லிவிடுவது என்றுதான் போனேன். உள்ளே என் தங்கை வயதில் ஒரு நர்ஸ், கதவு திறந்தே கிடக்கிறது, வெளியே வரிசை எட்டிப்பார்க்கிறது.

"ஏதாவது தொந்தரவு இருக்கா அண்ணே?"

"இல்லம்மா."

"நல்லது. அடுத்து!"

சட்டையைத் தூக்க வேண்டும், அவ்வளவுதான். கை வரவில்லை.

மே 27

நிறுத்திவிட்டேன். சாப்பிட்டு முடித்ததும் இருவரும் சேர்ந்துதான் போடுவோம், ஜெபம் சொல்வதுபோல. நாக்கடியில் ஒதுக்கிக்கொண்டு கக்கூஸில் துப்பினேன். எமெல்டாவுக்குத் தெரியாது. மார் வற்றட்டும். வற்றியதும் மறுபடி ஆரம்பிக்கலாம்.

அப்படி முடியுமா? யாரிடம் கேட்பது?

ஜூன் 16

வற்றவில்லை. வாயில் புண் வந்திருக்கிறது. சூடான ன்ஷிமாக் களி பட்டது என்று எமெல்டாவிடம் சொன்னேன்.

ஜெரே இந்த வாரமும் வேலைக்கு வரவில்லை. கூடம் அமைதியாக இருக்கிறது. நிம்மதி என்று எழுதத்தான் நினைத்தேன்.

ஜூலை 7, ஞாயிறு

ஜெரே வீட்டுக்குப் போனேன். ஐயோ, அவனா அது? கழுத்துவரை கம்பளி, மேலே முகம் மட்டும், கண்ணும் பல்லும். அவன் மனைவி எலினாலா கஞ்சிக் கிண்ணத்தோடு நின்றாள். யாரோ சூனியம் வைத்துவிட்டார்கள் என்று அவன் சித்தப்பா வாசலில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"எழுந்திரிடா எலி தின்னி, வேலைக்கு டிமிக்கி குடுக்க இப்படி ஒரு நாடகமா" என்றேன்.

"வா, கசோண்டே அப்பா" என்றான்.

அப்பா என்கிறான்.

எலினாலாவை வெளியே போகச் சொன்னான். "நான் செத்தா என்னைக் குளிப்பாட்ட நீ வரணும். நீ மட்டும். சித்தப்பன் வேணாம், தம்பிங்க வேணாம். கேலி மச்சான்தான் பிணத்தைக் குளிப்பாட்டணும்னு முறை இருக்குல்ல? யாரும் தடுக்க முடியாது."

"வாயில நல்லதே வராதா உனக்கு?"

"உன்னாலதான் முடியும், மச்சான்." அவ்வளவுதான். இருமல் பிடித்துக்கொண்டது.

ஏன் நான்?

ஜூலை 13

ஜெரே போய்விட்டான்.

ஜூலை 14

மார்ச்சுவரியிலிருந்து வந்து நேரே எழுதுகிறேன்.

எலினாலா சொல்லிவிட்டாள், பெம்பா மச்சான்தான் குளிப்பாட்டுவான், அவர் கேட்டுக்கொண்டது என்று. சித்தப்பா முறைத்தார், ஆனால் முறை முறைதான். உள்ளே நானும் மார்ச்சுவரிக்காரரும். அவருக்கு எந்த உடம்பும் ஒன்றுதான், வாளியில் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு அந்தப் பக்கம் போய்விட்டார்.

சட்டையை அவிழ்த்தேன். மார்பைச் சுற்றி ரப்பர். லாரி டியூபை வெட்டிய பட்டை, செம்புக் கம்பியால் முறுக்கிக் கட்டியது. அதை அறுத்தெடுக்கத் தோலும் சேர்ந்து வந்தது. அடியில், எலும்புக்கூடு மாதிரி இருந்த அந்த உடம்பில், என்னுடையதைவிடப் பெரியதாக இரண்டு. சுற்றிலும் கறுத்த வடு. எத்தனை வருடத்து வடுவோ.

அவன் ஒருநாளும் கூடத்தில் குளித்ததில்லை. வாசலில் அன்றைக்குச் சத்தம் போட்டது என்னைக் காப்பாற்றவா, தன்னைக் காப்பாற்றவா? இரண்டுக்கும்தானே? டேய், ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? ஒரே ஒரு வார்த்தை! வீட்டில் இன்னொரு பாடி மடித்தபடி இருக்கிறதேடா பாவி, தூக்கிக் கொடுத்திருப்பேனே!

கழுவினேன். புண் இருந்த இடத்தில் மெதுவாகக் கழுவினேன், வலிக்கும் என்று.

கதவுக்கு வெளியிலிருந்து எலினாலா கோட்டையும் சட்டையையும் நீட்டினாள். "நாளைக்கு முகம் பாக்க எல்லாரும் வருவாங்க. தெரியாம பாத்துக்கங்க அண்ணே." குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: அடுத்த நகரம் ந்டோலாவின் கிளினிக்கில் ஒளித்து ஒளித்து மாத்திரை வாங்கியிருக்கிறான். போன வருடம் எல்லாவற்றையும் கக்கூஸில் கொட்டிவிட்டான். "ஆம்பளையா செத்தாப் போதும்னாரு."

திரும்பவும் அந்த ரப்பரைக் கட்ட மனது வரவில்லை. என் சட்டையைக் கழற்றி, உள்ளே போட்டிருந்த கறுப்புப் பாடியைக் கழற்றி அவனுக்குப் போட்டுவிட்டேன். செத்த கையைத் தூக்கி அதற்குள் நுழைப்பது எவ்வளவு கஷ்டம்! அதன்மேல் வெள்ளைச் சட்டை, கோட்டு. தட்டையாக, அழகாக இருந்தான்.

ஜூலை 15

அடக்கம். வரிசையாக எல்லாரும் முகம் பார்த்தார்கள். முகத்தை மட்டும்தான் பார்த்தார்கள்.

பெட்டியைத் தூக்கும்போது முறைப்படி நான் குறுக்கே விழுந்து மறித்தேன். கேலி செய்ய வேண்டியது நான்தான். அழுபவர்களைச் சிரிக்க வைக்காமல் அங்கோனிப் பெட்டி நகரக் கூடாது. இத்தனை மாதம் அவன் என்னைச் சொன்னதற்கெல்லாம் பதில் நாக்கு நுனியில் இருந்தது. ஒரே வாக்கியம் போதும், கல்லறைத் தோட்டமே அதிர்ந்திருக்கும்.

"எங்கடா போற எலி தின்னி? உள்ள எலி நிறைய இருக்குன்னு யாரோ சொல்லிட்டாங்களா? மொதல்ல குளிச்சிட்டு வாடா!" என்று கத்தினேன்.

சிரித்தார்கள். சித்தப்பாகூடச் சிரித்தார். எலினாலா முகத்தை மூடிக்கொண்டாள்.

ஜூலை 16

எமெல்டாவிடம் சொல்லிவிட்டேன், துப்பியது எல்லாம். கையில் இருந்த கரண்டியால் ஓங்கி ஒன்று வைத்தாள். பிறகு என்னை இழுத்துக்கொண்டு கிளினிக்குக்கு நடந்தாள், வழி முழுக்கத் திட்டிக்கொண்டே.

அதே நர்ஸ். கதவு திறந்தே இருந்தது. சட்டையைத் தூக்கினேன்.

அவள் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். "ஏன் அண்ணே இவ்ளோ நாளா சொல்லல? வேற மாத்திரை இருக்கு." இரத்தம் எடுத்தார்கள். இடையில் நிறுத்தியதால் புது மாத்திரை கேட்குமா என்று பார்த்துத்தான் சொல்ல முடியுமாம். கேட்டாலும், வளர்ந்தது முழுதாக வற்றாது என்றாள்.

வேற மாத்திரை இருக்கு. ந்டோலாவிலும் இருந்திருக்கும்.

ஆகஸ்ட் 5, திங்கள்

காலை ஷிஃப்ட். புது மாத்திரை தலையைச் சுற்றுகிறது. வாய்ப்புண் பாதி ஆறியிருக்கிறது. மிச்சமிருக்கும் ஒரு பாடியை எமெல்டா தினமும் துவைத்துக் காயப்போடுகிறாள்.

மேலே வந்ததும் குளியல் கூடத்து வாசலில் நின்றேன். பெஞ்சில் அவன் இடத்தில் யாருடைய பூட்ஸோ இருந்தது. சட்டையைக் கழற்றினேன். பாடியையும் கழற்றி ஆணியில் மாட்டினேன்.

"கசோண்டே அம்மா குளிக்க வராடா, வழி விடுங்க!" என்று நானே சத்தம் போட்டேன், ஜெரே போடுகிற மாதிரி.

ஒருவரும் சிரிக்கவில்லை. கடைசிக் குழாயடியில் பனியனோடு குளித்துக்கொண்டிருந்த ஒருவன் மட்டும் என்னையே பார்த்தான். பிறகு நகர்ந்து இடம் விட்டு, சோப்பை நீட்டினான்.