லாரி, ஃப்ரிட்ஜ், ஸாரி

ஜூலை 8, திங்கள்

காலையிலிருந்து மழை. பிம்ப்ரி பஸ்ஸில் புடவை ஓரமெல்லாம் சேறு. பாங்க் மேனேஜர் மறுபடி நினைவுபடுத்தினார்: ப்ரமோஷனோடு சென்னைக்கு மாற்றல். போகிறேனா இல்லையா, சனிக்கிழமைக்குள் கையெழுத்து.

எனக்குப் போக ஆசை. மறைப்பானேன். மஸ்கட்டில் வேலை பார்க்கும் இவருக்கோ, திரும்பி வந்தால் இந்தச் சிஞ்ச்வட் வீடுதான் வேண்டும். போன மாதம் போனில், "போறதுன்னா போயேன், என்னை எதுக்குக் கேக்கற?" என்று டக்கென்று வைத்துவிட்டார். போன் என்றாலே சண்டைதான். அதனால் மெயில் போட்டேன். ஆபீஸ் மெமோ மாதிரி இங்கிலீஷில் வேண்டாம், மனசில் இருப்பதைத் தமிழில் எழுதுங்கள் என்று.

பதில் வந்திருக்க வேண்டும். கீழே இன்டர்நெட் கஃபே உண்டு. ஆனால் முதுகுக்குப் பின்னால் எங்கள் பிளாட் சொஸைட்டி ஜனமே நிற்கும். வேண்டவே வேண்டாம். இவர் லீவில் வாங்கி வந்த உள்ளங்கைக் கம்ப்யூட்டர் பீரோவில் தூங்குகிறது. கூடவே தீப்பெட்டி சைஸில் மோடம். போன் ஒயரைச் செருகினால் போதுமாம்.

ஜூலை 9, செவ்வாய்

பாங்க் கம்ப்யூட்டர் பிரிவு குல்கர்ணியிடம் கொடுத்தேன். டயல் நம்பர், பெயர், பாஸ்வேர்ட், எல்லாம் குச்சியால் தட்டித் தட்டிப் போட்டார். அங்கேயே லைன் கிடைத்தது. "ஹோ கயா, மேடம்." முடிந்ததாம். உடனே வாங்கி அணைத்தேன். அவர் எதிரிலா கடிதத்தைத் திறப்பது?

வாங்க வேண்டியது: சின்ன பாட்டரி, ரவை, கொத்தமல்லி.

வீட்டில் கனெக்ட் ஆகவில்லை. பெட்ரூம் போனை எடுத்துக் கேட்டால், இந்தியில் ஒரு பதிவுக் குரல், நம்பரைச் சரிபார்க்கச் சொல்கிறது. சனியன்.

ஜூலை 10, புதன்

சாயங்காலம் முழுக்க அதே முயற்சி. எதிர்வீட்டு ஜோஷி காகு கதவைத் தட்டினாள். "மஸ்கட்ஹூன் போன் ஆலா ஹோதா. தும்சி லைன் ஸார்கி எங்கேஜ்!" லைன் கிடைக்காமல் அவள் வீட்டுக்குப் போட்டிருக்கிறார். நான் மெயில் பார்த்துவிட்டேனா என்று கேட்டாராம், அவ்வளவுதான்.

அவர் கடிதத்தைப் பிடிக்கப் போய் அவரையே வெளியில் நிறுத்தியிருக்கிறேன்.

ஜூலை 11, வியாழன்

கண்டுபிடித்துவிட்டேன்! நம்பருக்கு முன்னால் ஒரு பூஜ்யம், ஒரு கமா. பாங்கில் வெளி லைனுக்குப் பூஜ்யம் அடிக்க வேண்டும். குல்கர்ணி கைப்பழக்கத்தில் அதையும் போட்டிருக்கிறார். அழித்தேன். கீச்சென்று கூவியது மோடம். கச்சேரி தோற்றது.

ஒரே ஒரு மெயில். நீளம். தமிழில்தான் அடித்திருக்கிறார், சொன்னதைக் கேட்டிருக்கிறார், கடவுளே. ஆனால் இந்தப் பெட்டிக்குத் தமிழ் தெரியாது. திரை முழுக்கக் கொம்பு முளைத்த ஆங்கில எழுத்துகள். அவர் இங்கிலீஷிலேயே விட்டிருந்த சொற்கள் மட்டும் பிழைத்திருக்கின்றன. சென்னை. லாரி. ஃப்ரிட்ஜ். கடைசியில் ஸாரி.

சிரித்தேன். அப்புறம் அழுகையாக வந்தது.

ஜூலை 12, வெள்ளி

உப்புமா. மழை விட்டிருக்கிறது.

லாரி என்றால் சாமான் ஏற்றத்தானே? அப்போது சம்மதம். சரி, ஸாரி எதற்கு? போனை வைத்ததற்கா, வேண்டாம் என்பதற்கா?

தமிழ் எழுத்தை ஏற்றினால் பாங்க் கம்ப்யூட்டரிலேயே படிக்கலாம் என்றார் குல்கர்ணி. திங்கட்கிழமை பார்க்கலாம் என்றேன். ஏன் சொன்னேன் என்று எனக்குத் தெரியும். வேண்டாம் என்று எழுதியிருந்தால், அதைப் படித்த பிறகு என்னால் கையெழுத்துப் போட முடியாது.

ஜூலை 13, சனி

அரை நாள் பாங்க். போட்டுவிட்டேன். மேனேஜர் பேடா கொடுத்தார்.

சாயங்காலம் போன்.

"படிச்சியா? ஒவ்வொரு எழுத்தாத் தேடித் தேடி அடிச்சேன்."

"கையெழுத்துப் போட்டுட்டேன்."

லைனில் இரைச்சல். வைத்துவிட்டார் என்றே நினைத்தேன்.

"வேண்டாம், லாரியில ஏத்தி எறக்கற பாடே வேண்டாம், ஸாரின்னுதானேடி அவ்வளவு தூரம் எழுதினேன்."

தொண்டையைச் செருமினார்.

"ஃப்ரிட்ஜைப் படுக்க வச்சு ஏத்த விடாதே. நிக்க வச்சே ஏத்தணும். லாரிக்காரன்கிட்ட முன்னாடியே சொல்லிடு."